எழும் முன் ஒரு நிமிடம்

மலேசியாவின் கெர்லிங், களும்பாங் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய ஆயாவின் கால்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். பழக்கம் மட்டும் மாறவில்லை. கண் விழித்ததும் ஆயா சட்டென்று எழுந்துவிடுவார். அப்போது இரத்தம் காலுக்கு இறங்கும். வயதான உடல் அதை உடனே ஈடுசெய்யத் திணறும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைசுற்றல் இன்னும் சுலபமாக வரும். கட்டிலோரம் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரில் பிடிகம்பியும், போகும் வழியில் இரவு விளக்கும் இருக்கட்டும். பகலில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் தொடை வலுப்படும். “நீங்க சும்மா உட்காருங்க ஆயா” என்று எல்லா வேலையையும் பிடுங்கினால் அந்த வலுவும் போய்விடும். துடைப்பம் அவர் கையிலேயே இருக்கட்டும். தரையின் ஈரத்தை நாம் துடைப்போம்.