நீலி: பழியும் அறமும்

கொலையுண்டு, பழிதீர்க்கத் திரும்பி வரும் பெண்ணின் பேயே நீலி. தொண்டை நாட்டில் வழங்கும் கதை திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்கிறது. மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகிறான். நீலி கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, அவனே தன் கணவன் என்று ஊரவரிடம் முறையிடுகிறாள். அவன் உயிருக்குத் தீங்கு வந்தால் தாங்களும் உயிர் துறப்பதாக எழுபது வேளாளர் வாக்களிக்கிறார்கள். அன்றிரவு அவன் மாள, எழுபதின்மரும் தீப்பாய்ந்து சொல்லைக் காக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இக்கதை கள்ளியங்காட்டு நீலியாக வில்லுப்பாட்டில் வாழ்கிறது.

முறை கேட்க வழியின்றி இறந்தவளின் சினம் தீமையா, அறமா என்பதே இக்கதையின் வினா. மரபு இதற்கு மூன்று விடைகள் தருகிறது.

முதலாவது அடக்குதல். கேரளக் கதையில் கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியார் மந்திரத்தால் நீலியை அடக்குகிறார். 1979இல் எம். கிருஷ்ணன் நாயர் இயக்கிய ‘கள்ளியங்காட்டு நீலி’ அவளை மலையாளத் திகில் படத்துக்குக் கொண்டுவந்தது. மாறாக, டொமினிக் அருணின் ‘லோகா’ (2025) படம் அவளையே மக்களைக் காப்பவளாகக் காட்டியது.

இரண்டாவது தெளிவித்தல். சமணக் காப்பியமான நீலகேசியில், முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி அவரிடம் கொல்லாமையைக் கற்று, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிஞராகிறாள். பேய்மையும் அறிவால் மாறும் என்பது இதன் துணிபு.

மூன்றாவது தணித்தல். சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி உண்டு. ஒற்றன் என்று பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட சங்கமனின் மனைவி அவள். பதினான்கு நாள் அரற்றி, மலையிலிருந்து வீழும்போது அவள் இட்ட சாபமே, பழி சுமத்தியவன் மறுபிறவியில் கோவலனாகப் பிறந்தபோது அவனைச் சாய்க்கிறது; அவன் மனைவி கண்ணகியின் சினம் மதுரையை எரிக்கிறது. அந்தச் சினம் ஈழத்தில் ஆறியது என்பது வன்னி மரபு. கண்ணகி தங்கிய பத்தாவது இடமே நெடுங்கேணிக்கு வடகிழக்கே நந்திக்கடலோரம் உள்ள வற்றாப்பளை என்பர். வைகாசிப் பொங்கலில் அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது வழக்கம்.

அடக்கப்பட்ட பேயின் முறையீடு கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது. தெளிவித்தல் அவளை மாற்றுகிறது; ஆனால் அவளைக் கொன்றவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தணித்தலில் மட்டுமே ஊர் முழுவதும் கூடி, நடந்தது அநீதி என்று ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு ஏற்கப்பட்ட சினத்தையே நாட்டார் சமயம் தெய்வம் என்கிறது.