போர்வையும் பிள்ளையும்

பெற்றோரின் பரிவு பகலில் ஊட்டுவதிலும் இரவில் போர்த்துவதிலும் வெளிப்படும். ஊட்டும் கலையில் நாம் ஒருவாறு வெற்றி கண்டுவிட்டோம். போர்த்தும் கலையிலோ நம் ஏழு வயது மைந்தனிடம் இரவுதோறும் தோல்வியையே தழுவி வருகிறோம்.

நம்முடையது கடற்கரையூர். மார்கழி நள்ளிரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் வாடைக்காற்று சன்னல் வழியே நுழைந்ததும் நமக்கு உடல் சிலிர்க்கும். உடனே எழுந்து பிள்ளைக்குப் போர்த்துவோம். அவன் கண் விழியாமலே ஓர் உதை விடுவான்; போர்வை பாய்க்கு அப்பால் போய் விழும். மீண்டும் போர்த்துவோம், மீண்டும் உதை. பின்னர் அவன் பாயையும் துறந்து, வெறுந்தரையின் குளிர்ச்சியை நாடி உருண்டு செல்வான். பிடரியைத் தொட்டால் வியர்வையில் நனைந்திருக்கும். அவனருகே படுப்பதும் அடுப்படியில் படுப்பதும் ஒன்றே.

“இவன் வயிற்றிலே தணல் இருக்கிறது” என்பார் அவனுடைய உம்மம்மா. மருத்துவ நூல்களும் அவர் பக்கமே சாய்கின்றன. வளரும் பிள்ளையின் உடல், எடைக்கு எடை ஒப்பிட்டால், பெரியவர் உடலைவிட மிகுதியான வெப்பத்தை உண்டாக்குகிறது. உறக்கம் தொடங்கும்போது கைகால்களின் இரத்த நாளங்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியேற்றுகின்றன. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் தலையும் கழுத்தும் வியர்ப்பது பல பிள்ளைகளுக்கு இயல்பே. அந்த வெப்பம் வெளியேறும் வழியைத்தான் நாம் அன்போடு அடைத்துக்கொண்டிருந்தோம்!

இங்கேதான் ஒரு வினா எழுகிறது. நமக்குக் குளிர்ந்தால் அவனுக்கும் குளிரும் என்று நாம் எவ்வாறு துணிந்தோம்? பிறர் உணர்வை நம் தோலைக்கொண்டு அளக்கலாமா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1974-இல் எழுதிய கட்டுரையொன்றில், வௌவாலாக இருப்பது எத்தகைய அனுபவம் என்று வினவினார். வௌவாலின் உடலைப்பற்றி எவ்வளவு அறிந்தாலும், வௌவாலுக்குள்ளிருந்து உலகம் எப்படித் தோன்றும் என்பதை அவ்வறிவு நமக்குத் தராது என்பது அவர் வாதத்தின் சாரம். பெற்ற பிள்ளையும் ஓரளவு அப்படித்தான். நம் குருதியில் பிறந்தவனாயினும் அவன் தோல் நம் தோலன்று. ஆனால், வௌவாலிடம் கேட்டறிய வழியில்லை, பிள்ளையிடம் உண்டு. ஒருநாள் கேட்டோம். “வாப்பா, குளிருவது உங்களுக்குத்தானே? நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள்!” என்றான். ஏழாண்டுகளாகக் கேட்காதிருந்தவர் நாமல்லவா!

அப்படியாயின் பிள்ளையை அதன் போக்கிலே விட்டுவிடலாமா? கூடாது. வாய் பேசாத கைக்குழந்தையால் போர்வையை உதறவும் இயலாது. மிகையான வெப்பம் அதற்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். ஆதலால் உறங்கும் குழந்தையின் தலையை மூடலாகாது என மருத்துவர் எச்சரிக்கின்றனர். வளர்ந்த பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். அதைத் தன்னியல்பான சூடு என்றெண்ணி வாளாவிருப்பதும் பிழையே. எனவே, கவனிக்கும் கடமை நம்மை விட்டு நீங்குவதில்லை. கைகால் குளிர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறாமல் பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்த்து முடிவு செய்வதே முறை. அறிந்துகொள்ளும் கடமை முந்தியது. போர்த்தும் உரிமை அதற்குப் பிந்தியது.

போர்வையோடு இது முடிவதில்லை. நாம் விரும்பிய படிப்பு, நாம் அஞ்சிய தொழில், நமக்கு உகந்த உறவு என்று எத்தனையோ போர்வைகளைப் பிள்ளைகள்மீது போர்த்துகிறோம். அவர்கள் உதறினால் நன்றியின்மை என்று நோகிறோம். அவர்களுக்குள் வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இப்போதெல்லாம் நாம் போர்த்துவதில்லை. போர்வையை மடித்து அவன் கைக்கெட்டும் தொலைவில் வைத்துவிடுகிறோம். விடியலுக்குச் சற்று முன்னர்தான் உடல் வெப்பம் மிகவும் தாழும் என்பர். நேற்று அந்நேரத்தில் யாரோ இழுப்பதுபோல் தோன்ற, கண் விழித்தோம். மைந்தன் சுருண்டு படுத்திருந்தான். அருகிலிருந்த தன் போர்வையை விட்டுவிட்டு, நம்முடையதில் பாதியை இழுத்துக்கொண்டிருந்தான். மீதிப் பாதியையும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டோம்.