காது இருந்தும் கேட்கிறோமா?



உண்மை பேசுவது அறம் என்கிறோம். பிறர் பொருளைக் கவராதிருப்பது அறம் என்கிறோம். பசித்தவனுக்கு உணவிடுவதைப் பேரறம் என்று போற்றுகிறோம். ஆனால், கேட்பது ஓர் அறம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு இமையுண்டு, காதுக்கு இமையில்லை. ஒலி தானாக வந்து விழுகிறது. ஆகவே, கேட்பது நாம் செய்யும் செயலன்று, நமக்கு நேர்வதொன்று என இருந்துவிடுகிறோம். இந்த எண்ணம் சரியானதுதானா? யப்பானியர் சிலர் ஆக்கியளித்த ஒருவகை இசையை முன்வைத்து இவ்வினாவை இவ்வாரம் ஆராய்வோம்.

மதுரங்குளித் தென்னந்தோப்புகளுக்கும் யப்பானிய இசைக்கும் என்ன தொடர்பு என்று நகைக்க வேண்டாம். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே அவ்விசை இருக்கக்கூடும். படிக்கும்போதும் உறங்கப் போகும்போதும் உலகெங்கும் இளைஞர் பலர் அதைக் கேட்கின்றனர்.

*ஒன்பது அஞ்சலட்டைகள்*

டோக்கியோ நகரின் ஷினகாவாப் பகுதியில், 1938இல் கட்டப்பட்ட ஒரு தனியார் மாளிகை, 1979இல் ஹாரா கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 2021இன் தொடக்கத்தில் அது மூடப்பட்டுவிட்டது. அக்கூடத்தைப் பார்க்கச் சென்றவர்களுள் ஒருவர் ஹிரோஷி யோஷிமுரா (1940-2003). சாளரங்களின் வழியே தெரிந்த முற்றத்து மரங்களில் அவர் மனம் தங்கிவிட்டது. தாம் ஆக்கிய இசை, அந்த இடத்தில், அந்த மரங்களைப் பார்த்தவாறே கேட்கத்தக்கது என்று அவர் உணர்ந்தார். பெரிய வாத்தியக் குழு எதுவுமில்லை. மின் பியானோவும் விசைப்பலகையுந்தான். கலைக்கூடத்தார் அதனை அங்கே ஒலிக்கவிட்டனர். வந்தவர்கள், 'இது என்ன இசை?' என்று விசாரிக்கத் தொடங்கினர். 1982இல் அது 'ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதிலுள்ள ஒன்பது உருப்படிகளில் ஒன்றின் பெயர் 'வெளியே மழை'. இன்னொன்றின் பெயர் 'மேகங்கள்'.

அத்தட்டை வெளியிட்டவர் சத்தோஷி அஷிகாவா என்ற இளைஞர். நகரங்களில் ஒலி பெருகி வழிவதைக் கண்டு கவலை கொண்டவர் அவர். மேடையில் ஏறி 'என்னைக் கேள்' என்று அதட்டாத இசை, ஓர் இடத்தின் காற்றைப்போல் இருக்கும் இசை வேண்டும் என விரும்பினார். 1983இல், முப்பது வயதளவில், அவர் இறந்துபோனார். 'சூழலிசை' என்ற கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. இதற்கு முன்னோடிகளும் உண்டு. பிரான்சில் எரிக் சத்தி என்பவர் 1917இலேயே, வீட்டுத் தளபாடம்போல் அறையில் இருக்கக்கூடிய இசையைப் பற்றிப் பேசினார். ஆங்கிலேயரான பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்.

*வீடு சேராத கூட்டிசை*

இவ்விசையில் என்ன இருக்கிறது? அவசரமாகக் கேட்டால் ஒன்றுமில்லை. நான்கைந்து சுரங்கள் வருகின்றன, நிற்கின்றன, மீண்டும் வருகின்றன. 'பாட்டு எப்போது தொடங்கும்?' என்றே கேட்கத் தோன்றும்.

நம் ஆலயங்களில் ஆர்மோனியம் வாசிப்போர் அறிவர்: பாட்டின் முடிவில் ப-நி-ரி என்ற சுரங்களை ஒன்றாக அழுத்தினால், காது அடுத்து ச-க-ப என்ற கூட்டை நாடும். அது வந்ததும், 'அப்பாடா, வீடு சேர்ந்தோம்' என மனம் ஆறும். சூழலிசையில் இந்த இழுப்பு குறைவு. ச-க-ப என்ற கூட்டோடு நிஷாதமும் மெல்லச் சேர்ந்து ஒலிக்கும். சிலவேளை ரிஷபமும் வந்து அமரும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ச-க-ப என்பது மகிழ்ச்சி தரும் கூட்டு. நிஷாதம் சேர்ந்தவுடன், அதற்குள்ளேயே க-ப-நி என்ற ஏக்கந்தரும் கூட்டும் பிறந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டும் ஒலிக்கின்றன. மகிழ்ச்சியா, துயரமா என்று அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை. மகளை மணமுடித்து அனுப்பிய அன்று மாலை ஒரு தாயின் மனம் இருக்கும் நிலையும் அதுதானே!

இன்னொன்று. யப்பானியர் பள்ளிப் பாடல்களிலும் பழைய மெட்டுக்களிலும் பெரிதும் வழங்கும் ஐந்து சுரங்கள் ச-ரி-க-ப-த. அதாவது நமது மோகன இராகத்தின் அதே சுரங்கள். மோகனம் நமக்குக் களிப்பூட்டுவது. ஆனால், 1927இல் யமதா கோசாக்கு என்பவர் இச்சுரங்களில் இசையமைத்த 'சிவப்புத் தும்பி' என்ற பாடல், பிள்ளைப் பருவத்தில் தன்னை முதுகில் சுமந்தவளை எண்ணி ஏங்கும் பாடல். சுரங்கள் ஒன்று, உணர்ச்சி வேறு. எதனால்? நடையினாலும் சுரங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியினாலுமே. இந்த இடைவெளியை யப்பானியர் 'மா' என்பர். அதனை எழுதும் எழுத்தே ஒரு சித்திரம்: இரட்டைக் கதவு, அதன் நடுவே சூரியன். கதவின் இடுக்கில்தான் ஒளி வருகிறது. அதுபோல், ஒலிக்கும் ஒலிக்கும் நடுவிலுள்ள இடுக்கிலே பொருள் வருகிறது.

யப்பானியத் தோட்டங்களிலே வேறொரு வேடிக்கையும் உண்டு. கை கழுவும் கல்தொட்டியருகே ஒரு மட்பானையைக் கவிழ்த்துப் புதைத்துவிடுவர். சிந்தும் நீர் அதனுள் சொட்டுச் சொட்டாக விழுகையில் மணியோசைபோல் கேட்கும். ஆனால் நிமிர்ந்து நிற்பவனுக்கு அது நன்றாகக் கேட்பதில்லை. மூங்கிற் குழாயை வைத்துக் குனிந்து காது கொடுக்கவேண்டும். குனியாதவனுக்குக் கேட்காத இசையும் உலகில் உண்டு!

*நெய்தலின் மக்கள் நாம்*

இதைக் கண்டு நாம் அயலானின் புதுமை என்று வியக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய யாழ் உண்டு, பறை உண்டு, பொழுது உண்டு, மனநிலை உண்டு என்று தொல்காப்பியர் காலத்திலேயே வகுத்தவர்கள் தமிழர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு விளரி யாழ், மீன்கோட்பறை, பொழுதோ எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். இசை நிலத்தினின்று முளைப்பது என்பதைச் சூழலிசைக்காரருக்கு நெடுங்காலம் முன்பே நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்றைக்கும் சான்று வேண்டுமாயின் வெகுதூரம் போகவேண்டாம். முந்தல் களப்பை அடுத்துள்ள உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல் பேர்பெற்றது. ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். மூச்சும் இழுப்பும் பாட்டும் ஒன்றாகும். பக்கத்தில் இழுப்பவனைக் கேளாமல் எவனும் அம்பா பாட முடியாது. கேளாமல் இழுத்தால் வலையும் கோணும். இயந்திரம் இழுக்கும் கரையிலே அம்பாவுக்கு வேலையில்லை.

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' கதையும் நாமறிந்ததே. 1848 செப்ரெம்பரில் அதைக் கேட்ட எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தமது நூலில் அதனை விவரித்திருக்கிறார். அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவும் செய்தார். நிலவு காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பது அவ்வூர் வழக்கம். துடுப்பு, ஓட்டுவதற்கு உதவுவது. அதை நிறுத்தினால்தான் கேட்க உதவும்.

*திரையா, சாளரமா?*

ஆயினும், ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'சுவாமி, இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. வெளியே உலகம் அழுதுகொண்டிருக்கையில், மெல்லிசையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவது அறமாகுமா?' என்று கேட்பவர் இருப்பர்.

இம்மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. தக்காஷி கொக்குபோ என்பவரின் புகழ்பெற்ற இசைத்தொகுதி ஒன்று, 1987இல் சன்யோ நிறுவனத்தின் குளிரூட்டியோடு இணைப்பாகக் கொடுக்கப்பட்டது. சாளரங்களை அடைத்து, வெப்பத்தை வெளியே தள்ளி, உள்ளே இருப்பவர் கடலலையை இசையாகக் கேட்கலாம்! இசை இங்கே திரையாகிவிடும் ஆபத்து கண்கூடு. புனித அகுஸ்தீனாரும் தமது 'அறிக்கைகள்' என்ற நூலின் பத்தாம் பாகத்தில் இதே ஐயத்தால் வருந்துகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று அஞ்சி, ஆலயத்திலே இசையே வேண்டாமோ என்றுகூட அவர் தயங்கினார். ஈற்றிலே, பலவீனமான உள்ளங்களை இசை உயர்த்தும் என்று கண்டு அதை ஏற்றுக்கொண்டார்.

ஆனால், அதே கொக்குபோவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நிலநடுக்கம் வரப்போகிறது என்று யப்பானியரின் கைத்தொலைபேசியில் அலறும் எச்சரிக்கை ஒலியை அமைத்தவரும் அவரே. தாலாட்டியவரும் அவர், தட்டி எழுப்புபவரும் அவர்! மெல்லிய ஒலியை நுணுகி அறிந்தவனுக்கே எந்த ஒலி மனிதனை எழுப்பும் என்பதும் தெரியும். ஆகவே, குற்றம் இசையிலன்று. நாம் அதை எதற்குக் கையாளுகிறோம் என்பதிலேயே இருக்கிறது.

இதற்கு ஓர் உரைகல் வேண்டுமா? ஓரேப் மலையிலே எலியாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள் (1 அரசர் 19). பெருங்காற்று, நிலநடுக்கம், தீ ஆகியவற்றில் ஆண்டவர் இல்லை. பின்னர் வந்த மெல்லிய ஒலியை எலியா கேட்டார். பலர் கதையை இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். ஆனால், அந்த மெல்லிய ஒலி எலியாவைக் குகைக்குள் இளைப்பாற விடவில்லை. 'இங்கே என்ன செய்கிறாய்?' என்ற கேள்வியை எழுப்பி, வந்த வழியே, மக்களிடமே அவரைத் திருப்பி அனுப்பியது. அமைதி நல்லதா என்பதை அறியும் உரைகல் இதுவே: அது நம்மை மனிதரிடம் திருப்பி அனுப்புகிறதா, அல்லது குகைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறதா?

*நம் வீடுகளில்*

இனி நம் வீடுகளுக்கு வருவோம். புத்தளக் கரையோரத்தில் எத்தனை குடும்பங்களின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்கின்றனர்! எத்தனை தந்தையரும் மைந்தரும் இத்தாலியில் இருக்கின்றனர்! வேலை முடிந்த இரவில் அந்தத் தாய் தொலைபேசியில் அழைக்கிறாள். இங்கே தொலைக்காட்சி அலறுகிறது. பிள்ளை ஒரு காதில் இயர்போனை வைத்தபடியே 'ம்... ம்...' என்கிறது. 'சாப்பிட்டியா ராசா?' என்று அவள் கேட்கும்போது அவள் குரல் தழுதழுத்ததை யாரும் கவனிக்கவில்லை. 'அம்மா, சுகந்தானே?' என்ற கேள்விக்கு, 'சுகந்தான்' என்று சொல்லுமுன் அவள் விட்ட இடைவெளியை யாரும் கேட்கவில்லை. யப்பானியர் 'மா' என்று போற்றும் அந்த இடைவெளியிலேதான் அவள் துன்பம் முழுவதும் இருந்தது. சொல்லைக் கேட்டோம், அவளைக் கேட்டோமா?

கேட்பது வெறுமனே நேர்வதன்று, நாம் செய்யும் செயல் என்பது இங்கேதான் துலங்குகிறது. கேட்பவன் தன் நேரத்தைக் கொடுக்கிறான். தன் பேச்சை அடக்குகிறான். மற்றவருக்குத் தன் உள்ளத்தில் இடம் விடுகிறான். பொருள் கொடுக்க இயலாத ஏழையும் செய்யக்கூடிய தர்மம் இது. அதை மறுப்பதும், பசித்தவனுக்குச் சோற்றை மறுப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கேட்பதோடு, பிறரை எதைக் கேட்கச் செய்கிறோம் என்பதும் அறத்தின் பாற்பட்டதே. 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. எந்த மதத்தாருக்கும் இதில் தனிச்சலுகை இல்லை. ஆலயமும் பள்ளிவாசலும் விகாரையும் கோவிலும் அருகருகே உள்ள பகுதியில் வாழும் நமக்கு இதன் நியாயம் நன்கு விளங்கும். நம் திருநாளின் ஒலிபெருக்கி, காய்ச்சலில் கிடக்கும் அயல்வீட்டுக் குழந்தையின் உறக்கத்தைக் கலைக்குமானால், நமது புகழ்ப்பா யாருடைய காதில் இனிக்கும்?

யப்பானியச் சுற்றாடல் நிறுவனம் 1996இல், காக்கவேண்டிய நாட்டின் நூறு ஒலிச்சூழல்களைத் தெரிவுசெய்தது. ஹொக்கைடோக் கடலில் மிதந்து வரும் பனிக்கட்டிகளின் ஒலியும், ஹக்கோடத்தே கிறிஸ்தவ ஆலயத்தின் மணியோசையும், ஹிரோஷிமாவின் சமாதான மணியும் அதில் இடம்பெற்றன. பெரும்பான்மையோர் கிறிஸ்தவரல்லாத நாடு ஓர் ஆலயமணியைத் தன் செல்வமென எண்ணியது! நமது மதுரங்குளிக்கும் அத்தகைய பட்டியல் ஒன்றை நாம் போடலாமல்லவா? தென்னோலையில் வாடைக்காற்று. புத்தளம் புகையிரதத்தின் ஊதல். விடியற்காலைப் பாங்கு, பிரித் ஓதல், ஆலயமணி. பாண் விற்கும் முச்சக்கரவண்டி மாலையில் ஒலித்துவரும் மெட்டு. அந்த மெட்டு பல ஊர்களில் பேத்தோவன் 1810இல் எழுதியது. செவிப்புலன் தேய்ந்துகொண்டிருந்த ஒரு மனிதர் ஆக்கியது. காது கேளாமற் போய்க்கொண்டிருந்தவர் நமக்குக் கேட்கத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். நன்றாகக் கேட்கும் நாமோ, 'பாண் வந்துவிட்டது' என்பதற்குமேல் அதில் ஒன்றும் கேட்பதில்லை.

ஆதலால் அன்பர்களே, இவ்வாரம் ஓர் இரவு, உணவுக்குப் பின் பத்து நிமிடம் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டுக் குடும்பமாக முற்றத்தில் இருந்து பாருங்கள். விரும்பினால் முதலில் அந்த யப்பானிய இசையையே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். அது முடிந்த பின் இருக்கும் அமைதியையும் கேளுங்கள். பிறகு, வீட்டிலே அதிகம் பேசாதவர் எவரோ, அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சிலவேளை அப்பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். நெடுநாளாக யாரும் கேட்காததால் அது உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.