மெய்யென்னும் பொறி

சைவாசிரியர்களே!

ஐம்பொறிகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குங்கால், கண்ணையுஞ் செவியையும் விரித்துரைத்து, மெய்யை ஒரு சொல்லாற் கூறி அப்பாற் செல்லுதல் நம்மிற் பலருக்கு வழக்கம். கண்ணை மூடலாம், செவியைப் பொத்தலாம், மெய்யை மூடுதற்கு வழியில்லை. உறங்கும் பிள்ளையும் தாயின் கை பட்டவுடன் அழுகை தணிகின்றது. இத்துணை விழிப்புடைய பொறியைச் சிறிதென எண்ணுதல் தகாது.

நமது சித்தாந்த நூல்கள் இதனைத் தொக்கு என்னும் ஞானேந்திரியமாக வைத்து, ஊறு என்னுந் தன்மாத்திரையோடும் வாயு என்னும் பூதத்தோடும் இயைத்து ஓதும். அங்கே ஒரு நுட்பமுண்டு. புறத்தே காணப்படுந் தோல் இடம் மாத்திரமே. அவ்விடத்தே நின்று ஊற்றினை அறியும் ஆற்றலே இந்திரியம். ஆகவே, இடம் அழியாதிருக்கவும் ஆற்றல் நீங்குதல் கூடும். இவ்வேறுபாடு ஏட்டில் மாத்திரம் நிற்பதன்று. மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற மலைத்தோட்டப் பகுதிகளிற் கற்பிக்கும் ஆசிரியருக்கு, இஃது ஒரு பிள்ளையின் கையையும் வாழ்வையுங் காக்கும் அறிவாகும்.

முதலில் தோலின் அமைப்பை நோக்குவோம். வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்தளந்தால் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீற்றர் வரையாகும். அது மூன்று படைகளாயுள்ளது. மேலேயுள்ளது மேற்றோல். இது கண்ணிமையில் மிக மெல்லியதாயும், உள்ளங்காலில் மிகத் தடித்ததாயும் அமைந்தது. இதன் அடியிற் புதிய கலங்கள் இடையறாது தோன்றி, மேலேறி, உலர்ந்து உதிர்கின்றன. ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேற்றோல் புதுப்பிக்கப்படுகின்றது. நாம் நம்முடையதென்று செருக்குறும் மேனி மாதந்தோறும் நம்மையறியாமலே கழிகின்றதென்பது இதனாற் பெறப்படும். அதன் கீழுள்ள உட்டோலில் இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள் முதலியன உள. எல்லாவற்றிற்குங் கீழே கொழுப்புப் படையொன்று மெத்தைபோற் கிடக்கின்றது.

இனித் தோலின் தொழில்களுட் சில கூறுவாம். நீரும் நோய்க்கிருமியும் உட்புகாமலும், உடலின் நீர் வீணே வெளியேறாமலும் காத்தல் ஒன்று. உடற்சூட்டை ஒருநிலையில் நிறுத்தல் மற்றொன்று. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலிலுள்ள எல்கடுவையில், காலையில் மூடுபனியிற் கொழுந்து பறிக்கத் தொடங்குந் தாய் நண்பகலில் வெயிலில் நிற்கின்றாள். பனியில் அவள் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளே காக்கின்றன. வெயிலில் அவை விரிய, வியர்வை தோன்றி உலர்ந்து உடலைக் குளிர்விக்கின்றது. உடலெங்கும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் இத்தொழிலைச் செய்கின்றன. வெயிலைக்கொண்டு எலும்புக்கு வேண்டும் விற்றமின் டியை ஆக்குவதும் தோலே.

தோலின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்றோலின் அடியில் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்குங் கலங்கள் உள. கரியவர்க்கும் வெளியவர்க்கும் இக்கலங்களின் தொகை பெரும்பாலும் ஒன்றே. அவை ஆக்கும் நிறப்பொருளின் அளவிலுந் தன்மையிலுமே வேறுபாடு. கருமை வெயிலின் கடுமைக்கு இயற்கை பிடித்த குடையாகும். ஆகவே, நிறங் குறித்து ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை எள்ளுமாயின், அதனைத் திருத்துதல் ஆசிரியர் கடன்.

இனி ஊற்றறிவைக் காண்போம். வெம்மை, தண்மை, அழுத்தம், நோவு என்பவற்றை வெவ்வேறு நரம்பு முனைகள் அறிகின்றன. இவ்வறிவு எவ்வாறு தொடங்குகின்றதென்று ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் இருவருக்கு 2021 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. மிளகாயின் காரத்தையும் நெருப்பின் சூட்டையும் ஒரே வாயிலே அறிகின்றதென்று ஜூலியஸ் கண்டார். மிளகாய் பட்ட கை எரிவதன் காரணம் இதுவே. நோவைத் தீங்கென்று வெறுக்கின்றோம். நோவோ நம்மைக் காக்குங் காவலன். சுடுகலத்தைத் தொட்ட கை தானே பின்வாங்குதல் அதன் செயலன்றோ?

அக்காவலன் நீங்கினால் யாதாகும்? தொழுநோயில் நிகழ்வது அதுவே. 1873 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். அது மிக மெதுவாகப் பெருகுவது. தொற்றியபின் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லும். அது தோலையும் தோலுக்குச் செல்லும் நரம்புகளையும் பற்றுகின்றது. தோல் இருக்கின்றது, தொக்கு நீங்குகின்றது. விரல்களைக் கிருமி தின்று உதிர்ப்பதாக எண்ணுவது பிழை. உணர்விழந்த கை அடுப்பிற் சுட்டதும் அறியாது. முள் தைத்ததும் அறியாது. அறியப்படாத புண் மேன்மேலும் பழுத்து அங்கத்தைக் குறைக்கின்றது.

இந்நோயாளரை உலகம் நடாத்திய முறையோ கொடிது. இலங்கையில் ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டிற் கொழும்பின் வடக்கே ஹெந்தலையில் தொழுநோயாளருக்கென ஒரு புகலிடம் அமைத்தனர். ஆங்கிலேயராட்சியில் 1901 ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்க வழிசெய்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் அவர்களுக்கு உறைவிடமாயிற்று. இன்றோ நிலைமை வேறு. 1980ஆம் ஆண்டுகளிற் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை வந்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் முற்றும் நீங்குகின்றது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறர்க்குத் தொற்றுந் தன்மை ஒழிகின்றது. மக்களுட் பெரும்பாலோர்க்கு இந்நோயைத் தடுக்கும் வலிமை இயற்கையாகவே உண்டு. 1995 ஆம் ஆண்டில் இலங்கை, பத்தாயிரவரில் ஒருவருக்குங் குறைவு என்னும் நிலையை எய்தியது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். அவருட் சிறுவரும் உளர்.

ஈண்டுச் சிலர், “நோய் வினைப்பயன், அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும்” என்பர். பசியும் வினைவழி வந்த உடம்பினாலாயதே. அதுபற்றிப் பசித்தவனுக்குச் சோறிடாதிருப்போமா? உடம்பை வினைக்கீடாகத் தந்த இறைவனே மருந்தையும், மருந்தை அறியும் அறிவையும் தந்தான். அன்றியும், அங்கங் குறைந்த தொழுநோயாளராயினும் சிவபெருமானுக்கு அன்பராயின் அவரைத் தாம் கடவுளாகவே வணங்குவதாகத் திருநாவுக்கரசு நாயனார் தம் தனித் திருத்தாண்டகத்தில் அருளினார். சூலைநோயின் கொடுமையைத் தாமே நுகர்ந்தறிந்தவர் அவர். அவர் வழிவந்தோமென்று கூறும் நாம், நோயுற்ற பிள்ளையை வாங்கிலினின்று எழுப்பி அனுப்புதல் எவ்வாறு பொருந்தும்?

ஆசிரியர் செய்யத்தக்கன இவை. பிள்ளைகளின் முகத்திலுங் கையிலும் காலிலுந் தோன்றும் மாற்றங்களை அன்போடு நோக்குக. தோட்டப் பிள்ளைகளுக்கு அட்டைக்கடி புதிதன்று. அட்டை தன் உமிழ்நீரால் இரத்தம் உறையாமற் செய்யும். கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தல் வேண்டும். நகத்தாற் சொறிந்தாற் புண்ணாகும். இரவில் மிகுந்து அரிக்குஞ் சிரங்கு, கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணியால் வருவது. லயத்தில் ஓரறையில் வாழ்வோர் அனைவரும் ஒருங்கே மருந்திட்டாலன்றி நீங்காது. வெளிறிய புள்ளிகளெல்லாம் தொழுநோயல்ல. பெரும்பாலன தேமல் போல்வனவே. ஆயின் அரிப்பும் நோவுமின்றி, வெளிறியோ சிவந்தோ நெடுநாள் நிற்குந் தழும்பு ஐயத்துக்குரியது. அதிலே தொடுகையுணர்வு குறைந்திருப்பின் ஐயம் வலுப்படும். அப்பொழுது பெற்றோரைத் தனியே அழைத்து, அரசினர் வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்குப் பிள்ளையை அனுப்புக. அங்கே மருந்து இலவசமாகக் கிடைக்கும். வகுப்பின் முன்னே அதனைப் பேசற்க. மருந்துண்ணும் பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தற்க. அதன் பக்கத்தில் இருத்தற்கு மற்றைப் பிள்ளைகளை அஞ்சச் செய்யற்க.

அன்பர்களே! தொடுகையை இழத்தல் இருவகைத்து. கிருமி நரம்பைக் கெடுத்தலால் இழப்பது ஒன்று; பிறர் தீண்டாமையால் இழப்பது மற்றொன்று. முன்னையதைக் காலத்தே மருந்தளித்து மருத்துவர் தடுப்பர். பின்னையதை மாற்றுதல் நம் கையிலுள்ளது. காலை வழிபாட்டில் மற்றைப் பிள்ளைகளுக்கு இடுதல்போல அப்பிள்ளையின் நெற்றியிலும் திருநீற்றை உங்கள் விரலாலே இடுங்கள். அவ்விரலின் ஊற்றை அப்பிள்ளை அறியும். சுற்றியிருக்கும் பிள்ளைகளும் அறிவர். மெய் என்னுஞ் சொல் உடம்பையுங் குறிக்கும், உண்மையையுங் குறிக்கும். அவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.