சொல்லாமல் விடுவதும் பொய்யாகுமோ?

இல்லாததைச் சொல்வது பொய் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் உள்ளதில் ஒரு பகுதியைச் சொல்லி, மற்றொரு பகுதியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா, ஆகாதா? கடைக்காரன் தன் சரக்கின் நிறைகளை மட்டும் எடுத்துரைக்கிறான். வழி சொல்பவன் சந்தியையும் பாலத்தையும் சொல்கிறான். இடையில் உள்ள நூறு வீடுகளைச் சொல்வதில்லை. தாய், நோயுற்ற பிள்ளையிடம் மருந்தின் பெயரைச் சொல்கிறாள். நோயின் பெயரைச் சொல்வதில்லை. இம்மூவரும் பொய்யர்தாமா?

இக்கேள்விக்கு விடை தேடி நீதி நூல்களைப் புரட்டுவதைக் காட்டிலும், நாம் சாதாரணமாக எண்ணிப் பாராத ஓரிடத்திற்குச் சென்று வருவது பயன்தரும் என்பது என் கருத்து. அவ்விடம் தேசப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழக நூல் நிலையம்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூல் நிலையம் 1602ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்குள்ள தேசப்படங்கள் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவை. உலகம் ஒன்றே, அதற்குப் பத்து லட்சம் படங்கள் எதற்கு? மெய்யான படம் ஒன்று போதாதோ? போதாது. எல்லாவற்றையும் காட்டும் படம் வேண்டுமாயின் அது நாட்டின் அளவே இருத்தல் வேண்டும். அதை விரித்து வைக்க வேறொரு நாடு வேண்டும். ஆதலால் விடுதல் என்பது படத்தின் குற்றமன்று. அதுவே படத்தின் பிறப்பு. ஒவ்வொரு படமும் யாரோ ஒருவர் கேட்ட ஒரு கேள்விக்கு விடை. கேள்விகள் பலவாதலின் படங்களும் பலவாயின.

இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். லண்டன் மாநகரின் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் என்பவர் வரைந்த படம் 1933இல் அச்சாயிற்று. அதில் தூரம் மெய்யன்று, வளைவுகள் மெய்யல்ல. பாதைகள் யாவும் நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் நிற்கின்றன. நிலையங்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் அதனால் ஏமாந்தவர் இலர். ரயிலில் ஏறியவன் கேட்பது, “எந்த நிலையத்தில் இறங்கி எந்த வண்டிக்கு மாற வேண்டும்?” என்பது ஒன்றே. அக்கேள்விக்கு அப்படம் பழுதின்றி விடை சொல்லிற்று. பின்னர் உலகின் பல நகரங்கள் அம்முறையையே தழுவின.

மற்றொன்று, மெர்க்கேட்டர் என்பவர் 1569இல் வெளியிட்ட உலகப் படம். அது மாலுமியின் கேள்விக்கு விடை. அப்படத்தில் இரண்டு துறைமுகங்களுக்கிடையே நேர்கோடு ஒன்றை இழுத்து, அக்கோட்டின் கோணத்தைத் திசைகாட்டியில் வைத்துக் கொண்டால், கப்பலைத் திசை மாற்றாமல் செலுத்திச் சென்று கரை சேரலாம். இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. நடுக்கோட்டிலிருந்து விலக விலக நாடுகள் பூதாகாரமாய்ப் பெருத்துத் தோன்றும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஒப்பாக நிற்கும். மெய்யாகவோ ஆப்பிரிக்கா அதனினும் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மாலுமிக்கு இதனால் நஷ்டமில்லை. நாட்டின் பரப்பு என்னவென்று அவன் கேட்கவேயில்லை.

தீங்கு எப்போது புகுந்தது? மாலுமியின் படத்தைக் கழற்றி வந்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியபோது. அங்கே அமர்ந்திருந்த பிள்ளை கப்பல் ஓட்டக் கற்கவில்லை. எந்த நாடு பெரிது, எந்த நாடு சிறிது என்று கற்றான். ஆளும் ஐரோப்பா தன் அளவினும் பெரிதாகவும், ஆளப்பட்ட வெப்ப நாடுகள் அதன் அருகே சிறுத்தும் தோன்றக் கண்டான். மெர்க்கேட்டர் பொய் சொல்லவில்லை; படமும் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு எழுதிய விடையை வேறொரு கேள்விக்கு விடையாக நீட்டியபோதே அங்குப் பொய் பிறந்தது. நான் சொல்ல விரும்புவது இவ்வொன்றே. மற்றவையெல்லாம் இதன் விரிவு.

மனமறிந்து சொல்லும் பொய்யும் உண்டு. அதை இதனோடு குழப்பலாகாது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போரில் பிரிட்டிஷ் படையார் அச்சிட்ட பல படங்களில் பகைவனின் அகழிகள் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். தம்முடைய அகழிகள் காணப்படா. படம் பகைவன் கையில் சிக்கினால் தம் வீரர் உயிர் போகும் என்ற அச்சமே காரணம். அப்படத்தைக் கையில் பிடித்த வீரனுக்குத் தன் அகழி எங்கிருக்கிறது என்பது தெரியும். ஆகவே அவன் வஞ்சிக்கப்படவில்லை. சோவியத் நாட்டின் செய்தி வேறு. பொதுமக்களுக்கென அச்சிட்ட படங்களில் ஆறுகளும் சாலைகளும் ஊர்களும் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக வேண்டுமென்றே இடம் மாற்றி வரையப்பட்டன என்பதை, அந்நாட்டின் தலைமைத் தேசப்பட அதிகாரியே 1988இல் ஒப்புக்கொண்டார். அங்கே வஞ்சிக்கப்பட்டவன், அப்படத்தை நம்பி வழி நடந்த சொந்தக் குடிமகன். விடுதல் இரண்டிடத்தும் உண்டு. ஒன்று காத்தது, மற்றொன்று ஏய்த்தது. எனவே விடுபட்டதை மட்டும் பார்த்து நீதி சொல்லல் ஆகாது. யாரை நோக்கி விடப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நல்லெண்ணத்தோடு வரைந்த படத்திலும் இப்பிழை நுழையும். சார்லஸ் பூத் என்னும் செல்வர் லண்டன் நகரின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, 1889 முதல் வண்ணப் படங்களாக வெளியிட்டார். அவை இன்று லண்டன் பொருளியல் பள்ளியின் நூல் நிலையத்தில் இருக்கின்றன. நகர மக்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் வறுமையில் வாடினர் என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. வறுமை இல்லையென்று வாதித்தவர் வாயை அப்படம் அடைத்தது. ஆனால் செல்வர் தெருவுக்கு மஞ்சள் பூசிய அதே கை, மிக வறிய தெருவுக்குக் கறுப்புப் பூசி, அங்குள்ளோர் தீயொழுக்கத்தினர், பாதிக் குற்றவாளிகள் என்று குறிப்பும் எழுதிற்று. யார் எவ்வளவு வறியர் என்பது ஒரு கேள்வி. யார் தீயர் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு அளந்த அளவுகோல் இரண்டாம் கேள்விக்கு உதவாது. ஏழையைக் கண்ட கண், குற்றவாளியையும் கண்டதாக எண்ணிக் கொண்டது.

மறுபடியும் பாட்லியனுக்கு வருவோம். அங்கே நம் கடலையே காட்டும் படம் ஒன்று உண்டு. ஜான் செல்டன் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர் 1654இல் இறந்தார். அவருடைய சேகரிப்பிலிருந்து 1659இல் அது அங்கு வந்து சேர்ந்தது. சீனத்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமுடையது. வரைந்தவர் பெயர் தெரியாது. மலைகளும் மரங்களும் பூக்களும் அழகுற எழுதப்பட்டிருப்பினும் படத்தின் நடுவில் இருப்பது சீனமன்று, கடல். மணிலா, ஜொகூர், பகாங், மலாக்கா என்று நாம் அறிந்த இடங்களெல்லாம் அக்கடலைச் சூழ்ந்து நிற்கின்றன. மேற்கு ஓரத்தில், கள்ளிக்கோட்டையிலிருந்து ஏடனுக்கும் ஓர்முசுக்கும் போகும் வழி எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.

இப்படம் மூன்றரை நூற்றாண்டு அந்நூல் நிலையத்தில் இருந்தது. அதைச் சீனத்தின் படம் என்றே எண்ணினர். சீனத்தின் படமாகக் கண்டால் அதில் வியக்க ஏதுமில்லை. 2008ஆம் ஆண்டில் ராபர்ட் பாச்சலர் என்னும் வரலாற்றாசிரியர் அதை விரித்துப் பார்த்தபோது, சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்துப் பக்கத்திலிருந்து கடலெங்கும் மெல்லிய கோடுகள் ஓடுவதைக் கண்டார். அவை வாணிகக் கப்பல்கள் செல்லும் வழிகள். பின்னர்ப் படத்தைச் செப்பனிட்டபோது அதன் முதுகிலும் வழிக்கோடுகளின் முன்வரைவு காணப்பட்டது. முதலில் வழிகளை வரைந்து, பின்னரே நிலத்தை வரைந்திருக்கின்றனர் என்பது ஆராய்ந்தோர் கருத்து. கோடுகள் மறைந்திருக்கவில்லை. கேள்வி பிழையாக இருந்ததால் கண்ணெதிரே இருந்த விடை கண்ணுக்குப் படவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. செல்டன் தம் உயில் குறிப்பில், அப்படம் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனால் கைப்பற்றப்பட்டதென்றும், நல்ல பணம் தருகிறோம், திருப்பித் தாரும் என்று வருந்திக் கேட்டும் அவன் தர மறுத்தான் என்றும் எழுதி வைத்தார். கேட்டவர்கள் யார்? அவர்கள் பெயரும் இல்லை. ஆனால் அவர்கள் ஏன் அத்துணை வருந்திக் கேட்டனர் என்பதை நாம் உணரலாம். கைப்பற்றியவனுக்கு அது ஓர் அபூர்வப் பொருள்; இழந்தவனுக்கு அதுவே பிழைக்கும் வழி. நூல் நிலையத்தின் கண்ணாடிக்குள் இருக்கும் அழகிய படத்தை நாம் பார்க்கும்போது, அதை இழந்து கரையில் நின்றவனையும் பார்த்தல் வேண்டும். அவனைப் படத்தில் காண முடியாது.

அக்கடலின் கரையில் எழுந்த நம் சிங்கப்பூருக்கும் ஒரு பழைய படம் உண்டு. ராபிள்சின் திட்டப்படி 1822இல் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்து, 1828இல் அச்சாகிய நகரப் படம் அது. ஐரோப்பியர்க்கு ஒரு பகுதி, சீனர்க்கு ஒரு பகுதி, ஆற்றின் மேற்பக்கத்தில் சூலியா கம்போங் என்று தென்னிந்தியர்க்கு ஒரு பகுதி. நேரான தெருக்கள்; ஒழுங்கான கட்டங்கள். அன்றைய ஊர் அவ்வாறு இருக்கவில்லை. அது உள்ளதைக் காட்டிய படமன்று. ஆள்வோர் விரும்பியதைக் காட்டிய படம். “ஊர் எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்கு அதை விடையாகக் கொள்பவன் ஏமாறுவான். “ஆள்வோர் நம்மை எங்கே வைக்க எண்ணினர்?” என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

இனி, தோட்டத்தில் பிறந்தோர் தம் தோட்டத்தையே நினைத்துப் பார்க்கட்டும். கம்பெனியார் கேட்ட கேள்வி என்ன? எந்தக் காடு எத்தனை ஏக்கர்? எந்த ஆண்டு நட்டது? பால் எவ்வழியே ஸ்டோருக்கு வரும்? அக்கேள்விக்கு வரையும் படத்தில் காட்டுக்கு எண் வேண்டும், சாலைக்குக் கோடு வேண்டும், துரை பங்களாவுக்குக் குறி வேண்டும்; லயங்களுக்கு ஒரு சிறு கட்டம் போதும். மாரியம்மன் கோயிலும், ஆயாக் கொட்டகையும், பெற்றோரைப் புதைத்த இடுகாடும் அதில் இல்லாவிடினும் ரப்பர்க் கணக்கில் ஒரு காசு குறையாது. அதுவரை அப்படத்தைப் பொய்யென்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும் நாள் வருகிறது. அன்று கேட்கப்படுவது வேறு கேள்வி: “இந்நிலத்தில் யாருக்கு என்ன உண்டு?” அப்போதும் மேசைமேல் விரிக்கப்படுவது அதே பழைய படமானால், மூன்று தலைமுறை கூடி வணங்கிய இடம் வெறும் நிலமாகிவிடும். “படத்தில் இல்லையே” என்ற ஒரு சொல்லில் பாட்டன் புதைகுழியும் அடங்கிவிடும். எந்தக் கையும் ஒரு பொய்க்கோடு இழுக்கவில்லை. எந்த வாயும் ஒரு பொய்ச்சொல் சொல்லவில்லை. ஆயினும் அங்கே நடந்தது அநீதி. சொல்லாமல் விடுவது இவ்விடத்தில் பொய்யினும் கொடிதாகிறது, என்னை? பொய்யை மறுக்கலாம், இல்லாத கோட்டை எப்படி மறுப்பது?

மறுக்கும் வழி ஒன்றே உண்டு. அது நாமே வரைவது. சரவாக்கில் பிந்துலுப் பகுதியில் ஒரு நீள்வீட்டைச் சேர்ந்த இபான் மக்கள், மரத்தோட்டக் கம்பெனிக்கெதிராகத் தங்கள் பூர்விக நிலத்துக்கு வழக்காடினர். தங்கள் நிலத்துக்குத் தாங்களே தயாரித்த படத்தையும் சான்றாக வைத்தனர். 2001இல் குச்சிங் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், உரிமம் பெற்ற நிலஅளவையாளர் அல்லாதார் நிலம் அளப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் சரவாக்கில் இயற்றப்பட்டது. 2005இல் மேல்முறையீட்டு மன்றம் பூர்விக உரிமை என்னும் கொள்கையை ஏற்றது; ஆனால் அவ்விடத்துக்குச் சான்று போதாதென்று முன்னைய தீர்ப்பை மாற்றியது. இதை வெறும் தோல்விக் கதையாக எண்ணலாகாது. எளிய மக்கள் கையில் எழுதுகோல் ஏறியவுடன், அதை யார் பிடிக்கலாம் என்று சட்டம் செய்ய நேர்ந்தது அன்றோ? படத்துக்கு உள்ள வலிமையை இதைவிடத் தெளிவாக எடுத்துரைப்பது அரிது.

ஆகவே, தொடங்கிய கேள்விக்கு விடை இது. விடுதல் பொய்யன்று, விட்டதை மறைத்தலும், விடையைக் கேள்வி மாற்றி நீட்டுதலுமே பொய். வழி சொல்பவன் குற்றமற்றவன். நாம் கேட்டதற்கே அவன் விடை சொன்னான். கடைக்காரனை, “குறை ஏதும் உண்டா?” என்று கேட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். தாயின் மௌனம், பிள்ளை வளர்ந்து உரிமையோடு கேட்கும் நாளில் கலைந்தால் அன்பு. அன்றும் கலையாவிட்டால் ஏய்ப்பு.

ஒரு படம் நம் முன் விரிக்கப்படும்போது, அது தேசப்படமாயினும், கணக்கேடாயினும், நம்மைப் பற்றி ஒருவர் எழுதிய வரலாறாயினும், “இது சரியா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. “இது யார் கேட்ட கேள்விக்கு விடை? இன்று எந்தக் கேள்விக்காக இதை நம் முன் வைக்கிறீர்?” என்று கேட்டல் வேண்டும். அதனோடு, வயது முதிர்ந்தோர் நம்மிடையே உள்ளபோதே அவர்களை அருகில் அமர்த்திக் கொண்டு, கோயில் எங்கிருந்தது, கிணறு எங்கிருந்தது, இடுகாடு எங்கிருந்தது என்று கேட்டு, ஒரு தாளில் கோடு இழுத்துப் பெயரும் ஆண்டும் எழுதி வைப்போமாக. கோடு கோணலாக இருக்கலாம், குற்றமில்லை. நம் கேள்விக்கு விடை சொல்லும் படம் ஒன்றாவது நம் வீட்டில் இருத்தல் வேண்டும்.