குழியின் அகலம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய கேரம் பலகை கிடந்தது. குழிகள் தேய்ந்து அகன்றுபோனவை. எப்படி அடித்தாலும் காய் விழுந்துவிடும். நான் பெரிய ஆட்டக்காரன் என்று தெருவே நம்பியது, நானும் நம்பினேன். பிறகு ஒரு போட்டியில் விதிப்படி செய்த பலகையின் முன் உட்கார்ந்தேன். முதல் சுற்றோடு எழுந்து வரவேண்டியதாயிற்று.

சர்வதேசக் கேரம் சம்மேளனத்தின் விதிப்படி குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் 3.18க்கு மேல் போகக்கூடாது. மிஞ்சுகிற இடம் ஒன்றேகால் சென்டிமீட்டர் சொச்சம். என் கைத்திறமை என்று நான் எண்ணியிருந்தது திண்ணைப் பலகை எனக்கு இட்ட பிச்சை!

அந்த அவமானம் நெஞ்சிலேயே இருந்தது. ஆகவே என் மகனுக்கு எட்டு வயதிலேயே கண்டிப்பான பலகை ஒன்றை வாங்கி வந்தேன். நியாயம்தானே? அவன் அடித்த காய்களெல்லாம் விளிம்பில் மோதித் திரும்பின. குறி பிசகியதா, வேகம் மிஞ்சியதா என்று பிரித்துப் பார்க்கக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஓரளவு ஆடத் தெரிந்தவனுக்குத்தான் தவறிய காய் ஏதாவது சொல்லும். பத்தே நாளில் பலகை பரண் ஏறிற்று.

நம் சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகச் சாம்பியன் ஆனார். அத்தகையவருக்குக் குழியை இன்னும் சுருக்கினாலும் தகும். அகன்ற குழி அவர் பிழையை அவருக்கே மறைத்துவிடும். ஆனால் நான் என் மகனுக்கு ஆட்டம் கற்பித்தேனா, என் பழைய தோல்விக்கு அவனைக் கொண்டு பழி தீர்த்தேனா?

"அந்தத் திண்ணைப் பலகை எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"நீதானேடா அதை விறகுக்குப் போடச் சொன்னே?" என்றாள்.