கடைச் சிப்பந்தியும் வயது முத்திரையும்

பிறர் வகுத்த விதியைக் காப்பவன் அதற்குரிய வசையையும் ஏற்கத்தான் வேண்டுமோ? பிரிட்டனில் 12, 16, 18 என வயது முத்திரை பெற்ற வீடியோ கேம் தட்டை அவ்வயது நிரம்பாதார்க்கு விற்பது 2012 முதல் குற்றம். விற்ற சிப்பந்திக்கே சிறையும் நேரலாம். சிறுவனிடம் வயதுச் சான்று கேட்டாலோ, தந்தையார் சீறி வந்து, தாமே வாங்கி, வாயிலிலேயே மகன் கையில் கொடுக்கிறார். அவரைச் சட்டம் தொடாது. மறுவாரம் உறை பிரித்த தட்டுடன் வந்து, "இத்தனை கொடூரமா? பணத்தைத் திருப்பு!" என்பார். பழுதற்ற தட்டை மீளப் பெறக் கடைக்குக் கடமையில்லை.

நிற்க. பிள்ளையை வளர்க்கும் உரிமை தமதே என்னும் அவர் வாதம் பொய்யன்று. அதனைச் சட்டம் இயற்றினாரிடம் உரையாமல், கூலிக்கு நிற்பவன்மேல் உமிழ்வது எவ்வகை நீதி? (தோட்டத்துக் கிராணிக்கு இது புதிதன்று.) சிறைக்கு அஞ்சியே சிப்பந்தி மறுக்கிறான் என்பாரும் உளர். அஞ்சியே ஆகுக, அச்சிறுவனின் வயதை ஒரு பொருட்டாக எண்ணியவன் அங்கே அவன் ஒருவனே.